லாரியின் பித்தப்பை

1

இந்தக் கதை ஒருவன் சட்டையைத் தூக்கிக் காட்டியதில் பிறந்தது. அதை மறைத்துவிட்டு, ‘உடல் என்பது ஒரு போர்க்களம்’ என்றெல்லாம் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதியம். என் அறை. நான் அப்போதுதான் எழுந்திருந்தேன். (பார்சல் கிடங்கில் இரவுப் பணி பார்த்தவன் நான். பாதியில் விட்டுவிட்டேன். வேலை போய்விட்டது, தூக்கம் மட்டும் இன்னும் அந்த ஷிப்டிலேயே இருக்கிறது.) அதே கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கிய நண்பன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். சட்டையை மார்பு வரை தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றான்.

“பாருடா. பார்த்தா என்ன தோணுது?”

வயிற்றில் அங்கங்கே சின்னத் தழும்புகள். சுற்றிலும், காற்று இறங்கிய பலூன் போலத் தொய்ந்த தோல்.

“எவனோ சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கு.”

“பித்தப்பைய எடுத்த மாதிரி தோணலையா?”

“பித்தப்பைய எடுத்தா எப்படி இருக்கும்னு எனக்கு என்னடா தெரியும்?”

“அதான் வேணும்.” சட்டையை இறக்கினான். “உனக்கு வித்தியாசம் தெரியலைல்ல? அப்ப டாக்டருக்கும் தெரியாது.”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இப்போது அவன் எதிரே இருக்கும் இரும்புக் கதவுக்கு உள்ளே இருக்கிறான். ராணுவ ஆள்சேர்ப்பு மையம். இன்று மருத்துவப் பரிசோதனை. வயது வரம்புப்படி இது அவனுக்குக் கடைசி வாய்ப்பு. நான் சாலையின் இந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில், பல நாட்களாக எழுதியும் அடித்தும் அழுக்காகிப்போன இந்தத் தாள்கள். எல்லாம் இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை. அவன் வெளியே வருவதற்குள் எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்திருக்கிறேன். கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

2

தொடக்கங்களில் நான் கைவிட்டவை:

‘நூற்று நாற்பது கிலோ எடையோடு அவன் வாசலில் நின்றபோது தேசம் கதவைச் சாத்திக்கொண்டது.’ — எழுதியபோது நன்றாக இருந்தது. மறுநாள் படித்தபோது லேகிய விளம்பரம் மாதிரி இருந்தது.

‘கத்தி இறங்குவதற்கு முன் மருத்துவர் அவனைப் பார்த்து —’ — என்ன செய்தார்? சிரித்தாரா? நான் அந்த அறையில் இல்லை. மயக்கத்தில் இருந்தவனும் ஒரு வகையில் இல்லை. நிறுத்திவிட்டேன்.

கடைசியில் தங்கியது இது. முதல்முறை அவன் ஆள்சேர்ப்புக்குப் போனபோது வரிசையில் நின்றான். எடைக்கருவி பக்கத்தில் நின்றவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, மிஷின் ஒண்ணுதான் இருக்கு. பின்னாடி இவ்வளவு பேர் நிக்கிறாங்க, பாவம் பாருங்க” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தானாம். சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டான்.

அவனை நிறுக்கவே இல்லை. இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். “நிறுத்துப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா போயிட்டுப் போகுது. கண்ணாலயே நிறுத்துட்டான்டா.”

3

பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

அவன் பெயரை எழுத மாட்டேன். கிடங்கில் அவனை ‘லாரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். லாரி ஏன் ராணுவத்துக்குப் போக வேண்டும்? கதை எழுதுகிறவன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று முறை முயன்றேன்.

முதலில் தேசப்பற்று வைத்துப் பார்த்தேன். லாரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “யாருடா இவன்? பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மனப்பாடம் பண்ணிப் பேசுற மாதிரி பேசுறான்” என்றான். கிழித்தேன்.

பிறகு அவனுக்கு ஒரு ராணுவ அப்பாவைக் கொடுத்தேன். “எங்கப்பா ரேடியோ மெக்கானிக்டா. கொசு அடிக்கிற மட்டைய எடுத்தாலே கை நடுங்கும் அந்த மனுஷனுக்கு.” அதையும் கிழித்தேன்.

“சரி, நீயே சொல்லித் தொலை. ஏன்?”

லாரி என் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முன்பு அந்தக் கட்டில் அவனைப் பார்த்தாலே முனகும். இப்போது சத்தமே இல்லை.

“டிவில அணிவகுப்பு பார்த்திருக்கியா?” என்றான். “எல்லாரும் ஒரே உடுப்பு, ஒரே நடை. எது யாருன்னு தெரியுமா? பெத்தவளே வந்தாலும் தேடித்தான் கண்டுபிடிக்கணும். என்னை எங்கடா தேடியிருக்காங்க? பஸ்ல ஏறினா மொத்த பஸ்ஸும் பார்க்கும். போட்டோ எடுத்தா முதல்ல நான்தான் தெரிவேன். இப்ப இளைச்சப்புறம் அது வேற கூத்து. ‘அட, நீயா! நம்பவே முடியலையே’ன்னு சுத்திச் சுத்தி வந்து பார்க்கிறான். ஒரு வரிசையில நின்னு காணாமப் போகணும்டா. ஒரே ஒரு தடவை.”

நாட்டைக் காப்பாற்ற அல்ல, காணாமல் போவதற்காகப் படையில் சேருகிற ஒருவன். வாசகர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். நான் இரவுப் பணிக்குப் போனதும் கிட்டத்தட்ட இதற்குத்தான்.

4

[அறுவை சிகிச்சைக்கு முன் லாரி வயிறார உண்ட கடைசிச் சாப்பாடு பற்றிய பகுதி இங்கே இருந்தது. அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் திருடி வைத்துக்கொண்டேன்: “ருசியா இருந்துச்சான்னு கேக்காதடா. நான் வழியனுப்பிட்டு இருந்தேன்.”]

5

இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போலத் தைத்துவிடுவார்கள். தைப்பது என்றால் நூல் அல்ல. காகிதத்துக்குப் போடுகிற மாதிரி பின். வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். சின்னத் துளைகள் வழியாகவே எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் அந்தச் சிகரெட் தழும்புகள்.

எடை இறங்கியது. கிடங்கில் பெயர் மாற்றச் சொல்லி ஒரு கோஷ்டி கிளம்பியது.

“இனிமே லாரின்னு கூப்பிட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ப்பா. ஆட்டோன்னு வெச்சுக்கலாமா?”

“இன்னும் ஆறு மாசம் போனா சைக்கிள்தான். எதுக்கு ரெண்டு தடவ மாத்திக்கிட்டு?”

மாறவில்லை. லாரி லாரியாகவே நின்றான். காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தான். படையிலிருந்து ஓய்வு பெற்று, ஆள்சேர்ப்புக்குப் போகிற இளைஞர்களுக்கு மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் சேர்ந்தான். அவரை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டருக்கு இவன் ஓட்டம் பிடித்துப்போயிற்று. உயரம் சரி, எடை சரி, மார்பளவு சரி, ஓட்டம் எல்லோரையும்விட முன்னால்.

அதற்குப் பிறகுதான் லாரி விதிமுறைகளைப் படித்தான். அதுவரை உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஏதாவது தன்னைத் தடுக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே பூட்டுக்குச் சாவி தேடியவன், கதவில் இரண்டாவது பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பானா? விதி ஒற்றை வரியில் இருந்தது: எடை குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள்.

முன்பு அவனைத் தடுத்தது வயிறு. இப்போது தடுப்பது வயிறு இல்லாதது.

மாஸ்டரிடம் போய் நின்றான். மாஸ்டர் தழும்புகளைக் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

“பித்தப்பை எடுத்தாலும் இதே மாதிரிதான்டா தொளை போடுவான். எங்க யூனிட்லயே ரெண்டு பேர் எடுத்திருந்தாங்க. ஆறிப்போச்சுன்னா அதுக்குத் தடை இல்ல.”

“மாஸ்டர்...”

“நான் ஒண்ணும் சொல்லல. பித்தப்பைய பத்திப் பேசினேன். அவ்வளவுதான்.”

6

விதி முட்டாள்தனமானது என்று எழுத எனக்கு ஆசை. கதைக்கு அது வசதி. ஆனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன்.

ஒருநாள் காலை மைதானத்துக்கு நானும் போயிருந்தேன், ‘கதைக்காக’. ஓட்டம் முடிந்ததும் யாரோ ஒரு கேன் நிறைய இனிப்புப் பானம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் மடமடவென்று குடித்தார்கள். லாரியும் குடித்தான். அறுத்த வயிற்றுக்கு இனிப்பு ஒரேயடியாகப் போகக் கூடாது என்பதை அந்த ஒரு தடவை மறந்துவிட்டான், அல்லது மறக்க ஆசைப்பட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கை நடுங்கியது. வியர்வை கொட்டியது. உட்காரப் போனவன் அப்படியே சரிந்துவிட்டான்.

மாஸ்டர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். கண் விழித்ததும் லாரி சொன்ன முதல் வார்த்தை: “போன வருஷம் விழுந்திருந்தேன்னா கிரேனுக்குச் சொல்லியிருக்கணும் மாஸ்டர்.” எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, மலை மேல ஏறிப் போகும்போது இவன் இப்படி விழுந்தா, இவனத் தூக்குறவன் துப்பாக்கிய கீழ வெக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு பேர் போச்சு. அந்த விதிய எழுதினவன் சும்மா எழுதல.”

“அப்புறம் ஏன் மாஸ்டர் பித்தப்பைன்னு சொல்லிக் குடுத்தீங்க?”

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஓடுறான்ப்பா” என்றார். “என்கிட்ட எத்தனையோ பேர் வர்றாங்க. இப்படி ஓடி நான் பார்த்ததில்ல. மனசு கேக்கல.”

(இந்தப் பகுதியை லாரி இன்னும் படிக்கவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன்.)

7

லாரியின் அக்கா பஸ் டிப்போவில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். அவனைத் திட்டுவதற்கு வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். ஒரு நாள் வேலை முடிந்து, சீருடையோடு நேராக என் அறைக்கு வந்தாள். அறையைப் பார்த்தாள். உட்காரவில்லை. உட்காரவும் இடமில்லை.

“கதை எழுதுறியாமே.”

“ஆமாக்கா.”

“உள்ளத உள்ளபடி எழுதுறியா?”

“எதக்கா?”

“வயித்த. இரைப்பைய அறுத்தான்னு எழுது. ஆள் அடையாளம் தெரியற மாதிரி எழுது. அச்சுல வரட்டும். எவனாவது படிச்சிட்டு இவன வேணாம்னு துரத்தட்டும்.”

“என்னைக் கொன்னுடுவான்க்கா.”

“கொல்லட்டும். அதுக்குத்தான பட்டாளத்துக்குப் போறான்? உன்கிட்ட ஒத்திகை பார்த்துக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசினாள்.

“ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டது நான். இப்படியே விட்டா நாப்பதத் தாண்ட மாட்டான்னு அந்த டாக்டர் சொன்னாரு. உயிரோட இருக்கட்டும்னுதான் வயித்த அறுக்கக் குடுத்தேன். இவன் என்னடான்னா, அறுத்த வயித்த எடுத்துக்கிட்டு எல்லையில போய் நிக்கிறேன்ங்கிறான். இதுக்கா நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தேன்?”

நான் கையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“நீ எந்த வேலையத்தான் முழுசா முடிச்சிருக்கே? இதையாவது முடி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

லாரியோ இதற்கு நேர்மாறு. “கதையில பித்தப்பைன்னு எழுது. இரைப்பைங்கிற வார்த்தை வந்துச்சு, அப்புறம் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

ஒரு கதையில் ஓர் உறுப்பை மாற்றுவது சுலபம். ஒரு சொல்லை அடித்து மேலே இன்னொன்றை எழுதினால் போதும், ரத்தம் வராது. ஆனால் பித்தப்பை எடுத்தவனுக்குக் கதையே கிடையாது. அவன் பேசாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவான். எனக்கு இரைப்பைதான் வேண்டும்.

(நீங்கள் எந்தப் பிரதியைப் படிக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவசரப்படாதீர்கள். கிடங்கு கிடங்காக இல்லாமல் இருக்கலாம். டிப்போ டிப்போவாக இல்லாமல் இருக்கலாம். இதைப் படிக்கிறவர் ராணுவ மருத்துவராக இருந்தால், ஐயா, இது வெறும் கதை.)

8

இனி முடிவு.

இன்றைய பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் உண்டு. அதற்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டுமாம். ஆளுக்கொரு பெரிய பாட்டில் தண்ணீரோடு வரச் சொல்லி, அங்கேயே குடிக்கச் சொல்வார்களாம். சிக்கல் அங்கேதான். லாரியால் அப்படிக் குடிக்க முடியாது. வாய் நிறைய இரண்டு மடக்கு சேர்ந்தாற்போல் போனால் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி வலிக்கும். எல்லாம் திரும்பி வந்துவிடும். எல்லோரும் மடமடவென்று குடிக்கும் வராந்தாவில், ஒருவன் மட்டும் குருவி மாதிரி கொத்திக்கொண்டிருந்தால் கேட்க மாட்டார்களா?

வாரம் முழுக்க இதே வேலை. மாஸ்டர் ஒரு வழி சொன்னார்: விடிந்ததிலிருந்தே வாய்வாயாக உள்ளே அனுப்பிவிடு, அங்கே போய்க் குடிக்கிற மாதிரி பாவனை பண்ணு, யாரும் பார்க்காதபோது பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிடு. என் அறையில் ஒத்திகை நடந்தது. லாரி பாட்டிலை அண்ணாந்து, தொண்டையை ஏற்றி இறக்கி, ஒரு சொட்டு கூட விழுங்காமல் குடித்துக் காட்டினான். நான் எதிரில் உட்கார்ந்து தொண்டையைக் கவனித்தேன். “கொஞ்சம் சத்தம் குடுடா. தண்ணி குடிக்கிறவன் இவ்வளவு அமைதியா குடிக்க மாட்டான்.” சத்தம் கொடுத்தான். புரையேறியது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆகவே, முடிவு ஒன்று. இப்போது, இந்தப் பெஞ்சில், எழுதியது:

‘அவனைக் கூப்பிட்டார்கள். போய்ப் படுத்தான். டாக்டரம்மா குளிர்ந்த பசையை வயிற்றில் பிழிந்தார். “என்ன தழும்பு?” “பித்தப்பை எடுத்தாச்சு மேடம்.” குரல் நடுங்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, கருவியை வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார். திரையில் முதலில் கல்லீரல் தெரிந்தது. அதற்குக் கீழே’

அதற்குக் கீழே என்ன தெரியும்? தெரியாததை எழுதக் கூடாது என்று போனில் தேடினேன். படமே இருந்தது.

அதற்குக் கீழே பித்தப்பை தெரியும்.

அவனுடைய பித்தப்பை. பிறந்ததிலிருந்து எவனும் கை வைக்காத, முழுசான, குண்டுமணி மாதிரி ஆரோக்கியமான பித்தப்பை.

டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். தாளில் பாதி நனைந்துவிட்டது.

ஸ்கேன் என்றால் உள்ளே பார்ப்பது. உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு ஸ்கேன் என்றால் தண்ணீர். லாரியைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான்: இது அவனுக்கு உள்ளே இறங்குமா? சோறா, மாத்திரையா, தண்ணீரா, எதைப் பார்த்தாலும் அதே கேள்வி. வாய் வழியாகவே யோசித்துப் பழகிய கூட்டம் நாங்கள். தொண்டைக்குக் காவல் போட்டுவிட்டு, வயிற்றைத் திறந்து போட்டுவிட்டோம்.

கதையில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம். ஸ்கேன் மிஷின் ரிப்பேர் என்று எழுதலாம். டாக்டரம்மாவுக்குத் தூக்கம் என்று எழுதலாம். ஆனால் இந்த ஓட்டை என் தாளில் மட்டும் இல்லை. கதவுக்கு உள்ளே, பாட்டிலோடு, வரிசையில் நிற்கிறது.

9

ஓடினேன்.

போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சாலையைக் கடக்கும்போதே அவன் எண்ணை அழுத்தினேன். காவல் அறை மேசையிலிருந்து ஒரு பெட்டிக்குள் அவனுடைய பாட்டு ஒலித்தது. காவலுக்கு நின்றவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கட் பண்ணுங்க.”

“சார், உள்ள ஒருத்தர்கிட்ட அவசரமா ஒரு சேதி சொல்லணும்.”

“மெடிக்கல் முடியற வரைக்கும் யாரையும் பார்க்க முடியாது.”

“பார்க்க வேணாம் சார். சொன்னா போதும்.”

“என்ன சேதி?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியம் வாசகனைப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் நின்றேன். ‘உன் பித்தப்பை உள்ளேயே இருக்கிறது’ என்று இவரிடம் சொன்னால், அதுதான் வாக்குமூலம். சொல்லாவிட்டால் அவன் மாட்டுவான். சொன்னால் நானே அவனை மாட்டிவிடுவேன்.

“அவனோட சாமான் ஒண்ணு... எடுத்தாச்சுன்னு நினைச்சிட்டு இருக்கான் சார். அது எடுக்கல. அங்கேயேதான் இருக்கு.”

“என்ன சாமான்?”

“பை சார்.”

“பைக்கு என்ன இப்ப அவசரம்? வந்து எடுத்துக்குவாரு.”

“அவன்...”

“நீங்க அவருக்கு யாரு?”

நண்பன் என்று சொன்னேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “என் பையனும் போன வருஷம் இப்படித்தான் நின்னான். வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் பதட்டம் அதிகம். வெயில்ல நிக்காதீங்க, போய் உக்காருங்க.”

நல்ல மனுஷர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கதைக்கு உதவியாக இருந்திருக்கும். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

10

அக்காவிடமிருந்து போன்.

“வந்துட்டானா?”

சொன்னேன். பித்தப்பை, ஸ்கேன், எங்கள் மூளை, எல்லாவற்றையும். மறுமுனையில் டிப்போ ஒலிபெருக்கி ஏதோ ஊருக்கு எந்த பஸ் என்று கத்திக்கொண்டிருந்தது.

“அப்போ எடுக்க மாட்டாங்கல்ல?” என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அதை அவளே கேட்டுவிட்டாள் போல, உடனே நிறுத்திக்கொண்டாள்.

“பொய் சொல்லிட்டான்னு தெரிஞ்சா விஷயம் வேறக்கா. கேஸ் போடலாம். இனிமே வேற எந்த அரசாங்க வேலைக்கும் போக முடியாம பண்ணலாம். அத்தனை பேர் முன்னாடி வெச்சு...”

“சிரிப்பாங்க.”

“ம்.”

“மறுபடியும்.”

அவள் ஜன்னலில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

“அவன் உண்மையச் சொல்லிருவானாடா?”

“தெரியலைக்கா.”

“நீதான எழுதுற? சொல்ல வை.”

வைத்துவிட்டாள்.

11

முடிவு இரண்டு, அக்காவுக்காக எழுதியது:

‘வராந்தாவில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. லாரி பாட்டிலைத் திறக்கிறான். ஒத்திகை பார்த்த மாதிரி அண்ணாக்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. பக்கத்தில் இருப்பவன் “குடி மச்சான், குடி” என்று உற்சாகப்படுத்துகிறான். லாரி பாட்டிலை இறக்குகிறான். மூடியைத் திருகி மூடிவிட்டு எழுந்து போய், மேசையில் இருப்பவரிடம் சொல்கிறான்: “சார், என்னால இதக் குடிக்க முடியாது. முதல் தடவ இங்க வந்தப்ப இருந்த மாதிரி இல்ல, இப்ப எனக்கு இரைப்பை இவ்வளவுதான் இருக்கு.” கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். அவர் ஏறிட்டுப் பார்க்கிறார். சிரிக்கவில்லை. “முதல்ல வந்து நின்னப்ப எவ்வளவு கிலோ இருந்தீங்க?” என்று கேட்கிறார். “தெரியாது சார். அப்ப நிறுக்கல.” ’

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. லாரி படித்தால், “எழுத உட்கார்ந்தா என்னைத் தோக்கடிச்சுத்தான் அழகு பார்ப்பியா?” என்று கேட்பான்.

முடிவு மூன்று, லாரிக்காக: டாக்டரம்மாவை யாரோ கூப்பிடுகிறார்கள். கருவி வலது பக்கம் போகாமலே நின்றுவிடுகிறது. முத்திரை விழுகிறது. சில மாதங்களில் ஒரு மைதானத்தில் நீண்ட வரிசை. அதில் எது அவன் என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு மலை. யாரோ இனிப்பு ஏதோ நீட்டுகிறார்கள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுக்கிறது. பின்னால் வந்தவன் துப்பாக்கியைக் கீழே வைத்து

இதற்கு மேல் எழுத மாட்டேன். மாஸ்டர் சொன்னது போதும்.

அக்காவுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. இரண்டிலும் ஒருவர் அழ வேண்டியிருக்கிறது.

12

கதவு திறக்கிறது.

ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். எல்லோருக்கும் ஒட்ட வெட்டிய தலை. மருத்துவப் பரிசோதனைக்குச் சொன்னபடி எல்லோரும் வெள்ளைச் சட்டை. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி பாட்டில். நான் எழுந்து நிற்கிறேன். தேடுகிறேன். அவன் எது என்று தெரியவில்லை. ஒருவனைப் பார்த்து அவன் என்று நினைத்தேன், இல்லை. இன்னொருவன், அவனும் இல்லை. எத்தனையோ வருடப் பழக்கத்தில், லாரியை நான் தேடுவது இதுதான் முதல் தடவை.

பிறகு தெரிந்துவிட்டது. வரிசையின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதிரே வரும் வண்டிகள் போவதற்காகச் சாலையோரம் நிற்கிறான். இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

பாட்டில் கையில் இருக்கிறது. விரல்கள் மறைப்பதால் இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. அது காலியாக இருந்தால், அவன் குடித்த மாதிரி நடித்துக் கொட்டினான், படுத்தான், பித்தப்பை இல்லை என்று சொன்னான். பிறகு நடந்தது எதுவாக இருந்தாலும் இனி அவன் வாயால்தான் கேட்க வேண்டும். முழுதாக இருந்தால், ஒரு சொட்டுக்கூடக் கொட்டாமல் உண்மையைச் சொல்லிவிட்டான். பாதி இருந்தால், பாதி வரைக்கும் முயன்றிருக்கிறான், நடுவில் என்ன ஆனதோ; அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

நான் எழுதினால் அக்காவுக்காக எழுதுவேன், அல்லது அவனுக்காக. நீங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியவரும் அல்ல, வேண்டாதவரும் அல்ல. ஆகவே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் ஊற்றுகிற அளவு அதில் நிற்கட்டும்.

லாரியின் கையிலிருந்த பாட்டிலில் ................ தண்ணீர்.

சீக்கிரம் எழுதுங்கள். பாதிச் சாலை தாண்டிவிட்டான். என்னைப் பார்த்துவிட்டான்.